அண்ணி நறுக்கிய தாடி

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு, மாதனூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. நான் தனியார் பள்ளி ஒன்றில் டிராயிங் டீச்சர். மற்ற நேரமெல்லாம் படம் செய்வேன். வரைவேன் என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஷூ கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் தோல் துண்டுகளை ஆம்பூரில் எடைக்கு வாங்கி வந்து, அவற்றை ஒட்டி, மேலே நூலால் தைத்து முகங்களை உருவாக்குவதுதான் என் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் பெண்கள், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கப் பாத்திரத்தோடு நிற்பவர்கள் என்று கண்ணில் படுகிற யாரையும் விட்டுவைக்க மாட்டேன். எங்கே படத்தில் மாட்டிவிடுவேனோ என்று தெருவில் சிலர் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அப்போது வேலூரில் ஓர் ஓவியக் கண்காட்சியில் என் படம் ஒன்றை வைக்கச் சம்மதித்திருந்தார்கள். எனக்கு அதுதான் முதல் கண்காட்சி. அப்பாவைத்தான் செய்வது என்று உடனே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருந்தவர். நான் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது நோயில் விழுந்தார். அடித்துப் பிடித்து ஓடி வந்து நான் பார்த்தது, கட்டிலில் தாடியும் மீசையுமாகக் கிடந்த அப்பாவை. அவர் போன பிறகும் அந்த முகமே என் மனதில் நின்றுவிட்டது. அதனால் படத்தில் கன்னத்திலும் தாடையிலும் கறுப்பும் வெள்ளையுமாக நூல் கோத்து, நுனிகளை வெட்டாமல் தாடியாகத் தொங்கவிட்டேன். அந்தத் தாடிக்கு மட்டுமே ஒரு மாதம் ஆயிற்று. அம்மா அந்தப் படத்தின் பக்கமே வரமாட்டார். தோல் வெட்டுகிறவரோடு குடும்பம் நடத்தியவருக்குத் தோல் வாடை புதிதல்ல, நான் செய்கிற லட்சணம்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படம் முடிந்து, மறுநாள் காலை அதை எடுத்துப்போக வண்டி வருவதாக இருந்தது. பள்ளி விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நூல் பொசுங்கிய வாடை அடித்தது. உள்ளே போனால் அப்பாவின் முகத்தில் தாடியைக் காணோம். பக்கத்தில் கத்தரிக்கோலும் லைட்டருமாக அண்ணி உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

அண்ணிக்கும் ஷூ கம்பெனியில்தான் வேலை, ஃபினிஷிங் பிரிவில். தைத்து வரும் ஷூவில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்கி, மிச்ச நுனியை லைட்டர் காட்டிப் பொசுக்கி, பெட்டிக்கு அனுப்ப வேண்டும். ஒரு நூல் தொங்கினாலும் ஜோடி திரும்பி வந்துவிடும்.

“நூலு ஜாஸ்தியா தொங்கிட்டு இருந்துச்சி பாப்பா. நாளைக்கு அங்க எவனாச்சும் பாத்துட்டு ரிஜெக்ட்னு சொல்லிட்டான்னா இன்னா பண்றது? அதான் நானே ஃபினிஷிங் குடுத்துட்டேன்” என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. அது அப்பாவோட தாடி என்று கத்திவிட்டேன். அண்ணியின் முகம் செத்துப்போயிற்று. “நான் மாமாவப் பாத்ததே இல்லியே பாப்பா” என்றார். உண்மைதான். அப்பா போன பிறகுதான் அண்ணனுக்குக் கல்யாணமே நடந்தது. அண்ணிக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் மாலை போட்ட ஸ்டுடியோ படம். அதில் தாடி ஏது?

பொசுங்கிய நூலைப் பிடுங்கினால் தோலும் கிழியும். மறுபடி தைக்க நேரமும் இல்லை. வண்டி வர வேண்டாம், என்னிடம் கொடுக்கப் படம் இல்லை என்று சொல்வதற்காகப் போனை எடுத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்ததில் நம்பரைக்கூடத் தேட முடியவில்லை.

என் கத்தல் கேட்டு அம்மா பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, படத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கிட்டே போய் அந்தக் கன்னத்தைத் தடவினார்.

“ஒங்கப்பா ஒரு நாளாச்சும் தாடியோட கம்பெனி பஸ் ஏறி இருக்காரா? மொகத்த வழிச்சிட்டுதான் டீயே குடிப்பாரு. கடைசில கை நடுங்கிப் போச்சி, என்னியும் வழிக்க வுடல. நீ அந்த மொகத்தயே தெச்சிட்டு இருந்த, என்னால பாக்க முடில. இப்பதாம்மா இது அவரு.”

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். பொசுங்கிய நுனிகள் பொட்டுப் பொட்டாகத் தோலோடு ஒட்டியிருந்தன. அப்போதுதான் ஷேவ் செய்து, முகம் கழுவி, டிபன் பாக்ஸுக்குக் கை நீட்டுகிற அப்பா. போனைக் கீழே வைத்துவிட்டு அண்ணியைக் கட்டிக்கொண்டேன். அவர் இன்னும் தேம்பிக்கொண்டுதான் இருந்தார்.

படம் வேலூருக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். அம்மா வந்தவர்களிடமெல்லாம் எங்க வீட்டுக்காரர் என்று காட்டிக்கொண்டிருந்தார். அண்ணியோ தலை நிறையப் பூவோடு ஒவ்வொரு படமாகப் போய், ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என் காதில் வந்து சொன்னார். சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

இப்போது அம்மாவைச் செய்துகொண்டிருக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது. நோயில் கிடந்த முகத்தையே அப்பா என்று நான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் எத்தனையோ வருடம் பளிச்சென்று வேலைக்குக் கிளம்பிப் போன அப்பாவை, அவரைப் பார்த்தே இராத அண்ணிதான் எனக்குத் திருப்பித் தந்தார்.