பூனையின் வலது கை

எங்கள் லாண்டரியில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பட்டப்பெயர்தான் செல்லும். மெஷின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கிற தொண்டை எனக்கு, அதனால் நான் சைரன். அவள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, அதனால் பூனை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் மடிக்கிற வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, ஒரு உதறு உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். வாய் பேசி இந்த வேலை நடக்காது. எதிராளியின் தோளைப் பார்க்க வேண்டும். அவள் தோள் எழும்போது என் தோளும் எழ வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் விரிப்பு தரையில் விழும், மறுபடி வெளுக்கப் போகும், சூப்பர்வைசர் வாயைத் திறப்பார். அவர் வாயைத் திறந்தால் சாயங்காலம் வரை மூட மாட்டார். வருஷக்கணக்கில் அவள் தோளைப் பார்த்தே பிழைத்தவள் நான். இதை எதற்குச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தப் பூனைக்கு ஒரு கிறுக்கு உண்டு. நாடகம். வேலை முடிந்ததும் டயர் கடை மாடியில் இருந்த ஒத்திகை ஹாலுக்கு ஓடிவிடுவாள். குழுவில் பெரிய வேஷமெல்லாம் கிடையாது. எந்த நாடகமானாலும் அவள் வேலைக்காரி. "டீ கொண்டு வரட்டுமா?" என்று கேட்க வேண்டும், போக வேண்டும், அவ்வளவுதான். அதற்காக வீட்டில் மாமியாரிடம் ஆயிரம் சமாதானம் சொல்லிவிட்டு வருவாள்.

"ஏண்டி, ஒரு டீக்காகவா இந்தப் பாடு?" என்று ஒருநாள் தாங்காமல் கேட்டேன்.

"அங்க நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் சும்மா இருக்காங்க சைரன்" என்றாள். "வேற எங்கயும் அப்படி இல்ல."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. மறுநாள் நானும் கூடப் போனேன். என் தொண்டையைக் கேட்டவர்கள் மேடையில் ஏற்றப் பயந்து, பக்கத்துத் திரைக்குப் பின்னால் சத்தம் போடுகிற வேலையைக் கொடுத்தார்கள். கதவு தட்டுவது நான், தகரத்தில் மணலைக் கொட்டி மழை பெய்ய வைப்பது நான். மேடையில் யாராவது யாரையாவது அறைந்தால் அந்த அறையும் நான்தான். மேடையில் அடிக்கிற கை கன்னத்தில் படாது, கொஞ்சம் இடைவெளி விட்டு வீசிக்கொண்டு போகும். வாங்குகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதே நொடியில் நான் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துப் பளாரென்று தட்டுவேன். பார்க்கிறவர்கள் 'ஐயோ' என்பார்கள்.

அந்த வருஷம் குழுவுக்குப் புது டைரக்டர் வந்தார். ஒரு பெண். நாடகத்தையே பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். கண்ணில் நெருப்பு, பையில் புத்தகம். பூனை "டீ கொண்டு வரட்டுமா?" என்று கேட்டதைக் கேட்டுவிட்டு, "இந்தக் குரல்தான் எனக்கு வேணும். இவங்கதான் கதாநாயகி" என்றார். குழுவே வாயைப் பிளந்தது. பூனை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாடகம் அவரே எழுதிய ஒரு புருஷன் பெண்டாட்டி கதை. முதல் காட்சியில் புருஷன் பெண்டாட்டியை அறைகிறான். மூன்றாவது காட்சியில் மறுபடி கை ஓங்கிக்கொண்டு வருகிறான், இந்தத் தடவை அவள் அறைகிறாள். அறைந்துவிட்டு ஒரு பக்க வசனம் பேசுகிறாள். புருஷனாக நடித்தவர் எங்கள் தெருப் போஸ்ட்மேன். ஈ எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனுஷன், சோடாபுட்டிக் கண்ணாடி. அவர் பூனையை அறைகிற காட்சி முதல் ஒத்திகையிலேயே கச்சிதமாக வந்துவிட்டது. பூனை அறைகிற காட்சிதான் வரவேயில்லை. அவள் கை தோள் உயரம் வரை போகும், அங்கேயே நின்றுவிடும்.

"ஏங்க நிக்குது?" என்பார் டைரக்டரம்மா.

"தெரியல மேடம். யாரோ பின்னாலருந்து புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாள் பூரா தலைக்கு மேல கையத் தூக்கறவதானடி நீ? இங்க மட்டும் என்ன வந்துச்சு?" என்று கத்தினேன். அவள் தன் கையை ஊரான் கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

இந்த லட்சணத்தில், மருமகள் என்னதான் கூத்தடிக்கிறாள் என்று பார்க்க மாமியார் ஒத்திகைக்கே வந்துவிட்டார். கூடவே பூனையின் வீட்டுக்காரரும். நல்ல மனுஷன்தான். அம்மா பேசினால் கூரையைப் பார்ப்பார், பெண்டாட்டி பேசினால் தரையைப் பார்ப்பார். நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

முதல் காட்சியில் பூனை அடி வாங்கியபோது மாமியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்ன பொறுமை பாருங்க! குடும்பத்துப் பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று என்னிடமே சொன்னார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாவது காட்சியில் பூனையின் கை தோள் வரை எழுந்ததும் நாற்காலி கிறீச்சிட்டது.

"என்னது இது? புருஷன் மேல கை நீட்டறதா?"

"நடிப்புதாம்மா" என்றேன்.

"நடிப்பா இருந்தா என்ன? ஊரே பாக்கும். நம்ம வளர்ப்புல அதெல்லாம் கிடையாது. இவ மேடையில அவன அடிச்சா, அப்புறம் என் வீட்டுப் படி ஏற வேண்டாம்."

அவன் அடித்தபோது ஊர் பார்க்காதா? அதை யாரும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாராட்டினாரே ஒழிய, 'ஏண்டா அடிச்சே' என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மழைத் தகரத்தைத் தூக்கி எறிந்திருப்பேன்.

டைரக்டரம்மாவும் சும்மா இருக்கவில்லை. "அந்த அறைதாங்க இந்த நாடகமே. அது இல்லன்னா பெண்ணியம் பேசி என்ன பிரயோஜனம்? நீங்க அடிக்கலன்னா நான் வேற ஆளப் பாக்கறேன்" என்றார் பூனையிடம்.

நடுவில் நின்றாள் பூனை. இந்தப் பக்கம் பெண்ணியம், அந்தப் பக்கம் வளர்ப்பு. அடித்தால் வீடு போகும், அடிக்காவிட்டால் வேஷம் போகும். மறுபடி டீ கொண்டு வரட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் என் கையப் பத்தியேதான் பேசறீங்க" என்றாள் மெதுவாக. "கை எங்கிட்டதான இருக்கு? அன்னிக்கு என்ன பண்ணணும்னு நான் பாத்துக்கறேன்."

பூனை அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். மாமியார் விடுவிடுவென்று கீழே இறங்கிப் போனார். டைரக்டரம்மாவுக்கு வேறு ஆள் தேட நேரமில்லை, பல்லைக் கடித்துக்கொண்டார்.

நாடகத்தன்று ஹால் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் நடு நாற்காலியில் மாமியார், காவலுக்கு வந்தவர் மாதிரி. பக்கத்தில் மகன், கூரையைப் பார்த்தபடி. எதிர்ப்பக்கத் திரை மறைவில் டைரக்டரம்மா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒத்திகையெல்லாம் கண்ணாடியோடு நடித்த போஸ்ட்மேன், புருஷன் வேஷத்துக்குக் கண்ணாடி பொருந்தாது என்று அன்றைக்குக் கழற்றி வைத்துவிட்டார். பாவி மனுஷன், அதை யாரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

முதல் காட்சி. போஸ்ட்மேன் கையை வீசினார். நான் தட்டுவதற்குக் கையை விரித்தேன். என் கைகள் இன்னும் சேரவே இல்லை, பளாரென்று சத்தம் கேட்டுவிட்டது.

அது என் சத்தம் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் பூனையின் கன்னத்தில் விரல் விரலாகச் சிவப்பு. ஒரு காதில் தோட்டைக் காணோம். போஸ்ட்மேன் வெலவெலத்துப் போய், வசனம் மறந்து, மரமாக நின்றார். பூனை குனிந்து தோட்டை எடுத்தாள். "என்னங்க, சாப்பாட்டுல உப்பு இல்லன்னு சொல்ல வந்தீங்களா?" என்று அவர் வசனத்தை அவருக்கே எடுத்துக் கொடுத்து, காட்சியைக் கரையேற்றினாள். அட, என் பூனையே! எனக்கு அங்கேயே அவள் காலில் விழலாம் போலிருந்தது.

முன்வரிசையை எட்டிப் பார்த்தேன். மாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

இடைவேளையில் போஸ்ட்மேனை நான் வெளுத்து வாங்கினேன். "கண்ணு தெரியலன்னா கண்ணாடியப் போட்டுக்க வேண்டியதுதானய்யா! அழகு கெட்டுப் போச்சோ?" அவர் பூனை முன்னால் நின்று அழுதேவிட்டார். "அக்கா, சத்தியமா தெரியாம பட்டுடுச்சு. மூணாவது காட்சியில நீங்க நிஜமாவே அடிச்சிடுங்கக்கா. அப்பதான் எனக்கு மனசு ஆறும்."

டைரக்டரம்மா ஐஸ்கட்டியோடு ஓடி வந்தார். "இப்ப நிஜமா கோவம் வந்திருக்கும்ல? அத அப்படியே மேடைக்குக் கொண்டு வாங்க" என்றார். நான் பார்த்த பார்வையில் ஐஸ்கட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"சொல்லுடி, நான் தட்டட்டுமா வேண்டாமா?" என்று கேட்டேன்.

பூனை கன்னத்தில் ஐஸை வைத்தபடி, "என் தோளப் பாரு" என்றாள்.

மூன்றாவது காட்சி வந்தது. போஸ்ட்மேன் கை ஓங்கிக்கொண்டு வந்தார். பூனை திரும்பினாள். அவள் வலது கை எழுந்தது. தோள் வரை போனது. நின்றது.

அதே இடம்! போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். போஸ்ட்மேன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உண்மையான அடிக்குக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கம் டைரக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கறே? போடு ஒண்ணு!"

மாமியார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை ஓங்கிக்கொண்டு, தானே மேடையேறிவிடுவார் போல நின்றார். மகன் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார், அவர் கையை மாமியார் தட்டிவிட்டார். ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு பாதியிலேயே அடங்கிவிட்டது, ஏனென்றால் பூனை சிரிக்கவில்லை. அவள் மாமியாரைப் பார்த்தாள். ஒத்திகையில் தன் கையைப் பின்னாலிருந்து யார் பிடித்து இழுத்தார்களோ, அவர்கள் இப்போது விட்டுவிட்டார்கள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

தோள் எழுந்தது. லாண்டரியில் விரிப்பை உதறுகிற அதே தோள். கை தலைக்கு மேலே போய் இறங்கியது, நான் என் பலம் முழுவதையும் கூட்டித் தட்டினேன். அப்படி ஒரு அறை அந்த ஹால் கேட்டிருக்காது. என் உள்ளங்கை இரண்டும் நெருப்பாக எரிந்தன. எத்தனை பேருக்குக் கொடுக்க வேண்டியதை அந்த ஒரு தட்டில் கொடுத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

போஸ்ட்மேன் சுருண்டு விழுந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள், அதனால் சொல்கிறேன். அவள் கை அவர் கன்னத்தில் படவே இல்லை. இடைவெளி விட்டு, அளவெடுத்தது போலப் போனது. நிஜமாக அடி வாங்கியவள், துளியும் படாமல் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்து ஒரு பக்க வசனம் பேச வேண்டும். பூனை பேசவில்லை. விழுந்து கிடந்தவரைக் குனிந்து பார்த்து, "வலிக்குதா?" என்றாள். ஹால் மொத்தமும் சும்மா இருந்தது, அவள் வாயைத் திறக்கக் காத்துக்கொண்டு. "எனக்கும் அப்படித்தான் வலிச்சுது" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எழுந்த கைதட்டலில் என் கைதட்டல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பெண்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். பின்னால் நின்றிருந்த எங்கள் சூப்பர்வைசர்கூட விசில் அடித்தார், வாயை அவர் உருப்படியாகத் திறந்தது அன்று ஒருநாள்தான். டைரக்டரம்மா தான் எழுதிய ஒரு பக்கத்தையும் மறந்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தார். "நான் எழுதினத விட இது நல்லா இருக்குங்க" என்று ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

திரை விழுந்ததும் மாமியார் மேடைக்குப் பின்னால் வந்தார். "எங்க அவன்?" என்ற குரல் கேட்டதும் போஸ்ட்மேன் மழைத் தகரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மாமியார் மருமகளின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"அவன் நிஜமாத்தான அடிச்சான்?"

"தெரியாம பட்டுடுச்சு அத்தை."

"நீ?"

"படாமதான் அடிச்சேன். நடிப்பு."

"சும்மாவா?" மாமியார் முகம் தொங்கிவிட்டது. "அடக் கடவுளே, தொண்ட கிழியக் கத்தினேனே!"

நான் விடுவேனா? "ஏம்மா, அடிச்சா வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னு சொன்னது யாரு?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

மாமியார் பூனையின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"உன் மாமனாருக்கு ஒரு தடவையாவது இப்படிப் போட்டிருக்கலாம்" என்றார். "அந்த மனுஷன் இருந்த வரைக்கும் எனக்குத் தோணவே இல்லடி."

பூனை மாமியாரின் தோளில் சாய்ந்துகொண்டாள். மகன் முதல்முறையாகக் கூரையையும் பார்க்காமல் தரையையும் பார்க்காமல், தன் அம்மாவை நேராகப் பார்த்தார்.

மாமியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டைரக்டரம்மா பக்கம் திரும்பினார். "நாளைக்கும் நாடகம் உண்டுதான? முன்வரிசையில அதே சீட்ட எனக்கு வச்சுடுங்க. எந்த இடத்துல கத்தணும்னு எனக்குத் தெரியும்."