கறுப்பு மையில் மாரிசெல்வி

விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் மாரிசெல்வி அக்காவின் வீடு. அவருக்குப் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்தும் வேலை. பதினாறு வயதில் தீப்பெட்டி ஒட்டத் தொடங்கியவர், மகன் பாலகுரு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு பட்டாசுக்கு மாறினார். வேலைக்குக் கிளம்பும்போது சேலையில் ஊக்கு குத்த மாட்டார். வளையலையும் கொலுசையும் கழற்றி அரிசி டப்பாவின் மேல் வைத்துவிடுவார். எந்நாளும் நூல் சேலைதான். வழுவழுப்பான சேலையைக் கல்யாண வீட்டுக்குக்கூட அவர் கட்டி நான் பார்த்ததில்லை. உராய்வு என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அக்கா அதை உடம்பில் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் யாராவது பாத்திரத்தைத் தரையில் இழுத்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார்.

நான் விருதுநகரில் ஒரு கல்லூரியில் காட்சி ஊடகம் படிக்கிறேன். கடைசி ஆண்டில் குழுவாகச் சேர்ந்து ஒரு பாட்டு வீடியோ எடுக்க வேண்டும். அதற்கான போஸ்டர், விளம்பரம் எல்லாவற்றையும் நாங்களே செய்ய வேண்டும். எங்கள் குழுவுக்கு விக்னேஷ்குமார் டைரக்டர். போஸ்டர் வடிவமைப்பு என் பங்கு. பட்டாசு வேலைக்குக் கிளம்பும் ஒரு பெண்ணின் காலைப்பொழுதுதான் பாட்டு. நடிக்க வேண்டும் என்று அக்காவைக் கேட்டோம்.

"நடிக்கவெல்லாம் எனக்குத் தெரியாது தாயி. கெளம்பிப் போறத வேணா எடுத்துக்கங்க. அதத்தான தெனமும் செய்றேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். தூக்குவாளி, செருப்பு, கதவு எல்லாம் நன்றாக வந்தன. கடைசி ஷாட்டில் சிக்கல்.

"அக்கா, வாசல்ல நின்னு 'போறேன்'னு சொல்லிட்டுத் திரும்புங்க. அம்புட்டுத்தான்" என்றான் விக்னேஷ்குமார்.

"அது வராது."

"ஒரு வார்த்தைதானக்கா."

"அந்த வார்த்தைதான்டா வராது. போயிட்டு வாரேம்பேன். வேணும்னா எடு, இல்லாட்டி கேமராவச் சுருட்டிக்கிட்டுப் போ."

"எங்கள மட்டும் போன்னு சொல்றீக."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "போயிட்டு வாங்கடா."

பாட்டுக்கு அதையே தலைப்பாக வைத்தோம்: போயிட்டு வாரேன்.

அந்த ஷாட்டிலிருந்து ஒரு படத்தைப் போஸ்டருக்கு எடுத்தேன். படி இறங்கும் முன் அக்கா கேமராவை நேராகப் பார்க்கிறார். சிரிப்பு இல்லை. மஞ்சள் பின்னணி, அவருடைய பச்சைச் சேலை, மேலே தலைப்பு, கீழே அவர் பெயர், அதற்கும் கீழே வீடியோ வெளியாகும் தேதி. திருத்தங்கலில் விக்னேஷ்குமாரின் சித்தப்பாவுக்கு ஒரு பிரஸ் இருக்கிறது. காலண்டர் சீசன் என்பதால் நாலு கலர் மெஷினில் இடமில்லை, சின்ன மெஷினில் கறுப்பு மட்டும் ஓட்டித் தருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். விக்னேஷ்குமாருக்கு அது இன்னும் பிடித்துவிட்டது, என்னிடம் சொல்லாமலே சரி என்றுவிட்டான். கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பவரை நிறுத்தும் என்று ஆங்கிலத்தில் உள்ள எங்கள் ஊடகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. குழுவில் இருந்த பையன்கள் விஸ்வநத்தத்திலிருந்து திருத்தங்கல் வரை விடியும் முன்பே ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் கணவர் கருத்தப்பாண்டி மாமா ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரிகளில் லோடு ஏற்றுகிறவர். அந்த வாரம் அவருக்கு இரவு வேலை. காலை பஸ்ஸில் திரும்பி வந்தவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். தட்டவில்லை, சாய்ந்தார் என்று சொல்ல வேண்டும். நான் திறந்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல? ஊருக்கெல்லாம் ஒட்டுற வரைக்கும் எங்கிட்ட ஏன் சொல்லல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து பஸ் ஸ்டாப் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். சுவரில் நாலு போஸ்டர்கள் வரிசையாக இருந்தன. அச்சில் வந்த போஸ்டரை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். எங்கள் பக்கத்துச் சுவர்களில் கறுப்பு மையில் ஒரு முகம், அதற்குக் கீழே பெயர், தேதி என்று இருந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை, அது சாவுச் செய்திதான். இதில் 'போயிட்டு வாரேன்' என்று வேறு இருந்தது.

"மாமா, இது எங்க பாட்டோட போஸ்டர். அக்கா நடிச்சாகள்ல, அது. அக்காவுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப போன் ஏன் அணைஞ்சு கெடக்கு?"

கம்பெனி கேட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும். இத்தனை வருஷமாகத் தெரியும். பக்கத்துக் கடையில் நின்றவர், "இருட்டோட கம்பெனி வேன்ல ஏறுனாளேப்பா, நான் பாத்தேன்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் மாமாவின் முகம் இன்னும் மோசமாகிவிட்டது. வேனில் ஏறியது எல்லோருக்கும் தெரியும். பிறகு என்ன ஆனது என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது.

"நேர்ல பாக்கணும்" என்றார்.

ஷேர் ஆட்டோவில் போனோம். சிவகாசியைத் தாண்டித் திருத்தங்கல் போகும் வழி நெடுக அக்கா எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். விளக்குக் கம்பத்தில் ஒன்று, பள்ளிக்கூடச் சுவரில் இரண்டு. ஒவ்வொன்றையும் தாண்டும்போது மாமா, "இல்ல, இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆட்டோவில் இருந்த ஒரு பெண், "எந்தக் கம்பெனில வெடிச்சுச்சாம்?" என்று என்னிடம் கேட்டார். எங்கேயும் வெடிக்கவில்லை என்று சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே அது நிச்சயமாகத் தெரியாது என்று தோன்றியது. நான் விடிந்ததிலிருந்து எதையும் காதில் வாங்கவில்லையே. அக்காவை வேனில் ஏறும்போது பார்த்தவர் இருக்கிறார். அதற்குப் பிறகு பார்த்தவர் இல்லை.

கம்பெனி கேட்டில் இறங்கியதும் மாமா வாயைத் திறந்தார்.

"ஏ மாரி."

இரண்டாவது முறை கூப்பிடும் முன் வாட்ச்மேன் வந்து அவர் வாயைக் கையால் பொத்திவிட்டார்.

"அண்ணே, கும்புடுறேன். சத்தம் போடாதீக. செலுத்துற நேரம்."

சத்தம் கேட்டு போர்மேன் பாண்டிமுருகன் வந்தார். போஸ்டர் கதையைக் கேட்டார். திட்டவில்லை. தொலைவில் வேப்ப மரங்களுக்கு இடையே தனித்தனியாக நிற்கும் அறைகளில் ஒன்றைக் கண்ணால் காட்டினார்.

"அந்தா அங்கன இருக்காக. நல்லாத்தேன் இருக்காக. ஆனா இப்ப கூப்புட முடியாது. கையில மருந்து. பேரச் சொல்லி யாரும் கூப்புட்டா திரும்பிப் பாப்பாகள்ல, அந்தத் திரும்புறதுதான் ஆகாது. வெயில் ஏறுனா செலுத்துறத நிறுத்திருவோம், அவுகளா எந்திரிச்சு வருவாக. அதுவரைக்கும் உக்காருங்க."

மாமா கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். நான் விக்னேஷ்குமாருக்குப் போன் செய்து, போஸ்டர்களை எடுக்கச் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு நான் பேசிய விதத்தில் அவன் சிரிப்பு நின்றது.

அப்போதுதான் பாண்டிமுருகன் சட்டென்று உள்பக்கம் திரும்பினார். நிரப்பாத குழாய்களைத் தட்டில் வைத்து அறைகளுக்குக் கொண்டுபோகும் சண்முகத்தாய் என்ற அம்மா கேட் பக்கம் வந்து, மாமாவைப் பார்த்து, வாட்ச்மேனிடம் ஏதோ கேட்டுவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார். அவர் போன திசை அக்காவின் அறை.

"என்ன சொன்ன அவகிட்ட?"

"மாரிசெல்வி வீட்டுக்காரர் அழுதுக்கிட்டு இருக்காருன்னு..." வாட்ச்மேன் முடிக்கவில்லை.

பாண்டிமுருகன் நடக்க ஆரம்பித்தார். அங்கே யாரும் ஓடக்கூடாது. ஓடினால் ஒவ்வொரு அறையிலும் தலைகள் நிமிரும். கூப்பிடவும் கூடாது. அவர் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நீள எட்டாக வைத்து நடந்தார். அவருக்கு முன்னால் சண்முகத்தாய், தட்டு சாயாமல், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் குறையவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மாமா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் காதால் பார்த்துக்கொண்டிருந்தோம். சாலையில் லாரி ஒன்று குழியில் இறங்கிய சத்தத்துக்கு மாமா கீழே குனிந்துவிட்டார்.

சண்முகத்தாய் அறை வாசலில் நின்றார். அவர் தலை அசைந்தது. பேசுகிறார்.

பிறகு என்ன நடந்தது என்பதை அக்காதான் எனக்குச் சொன்னார். "ஏ மாரி, ஒன் புருசன் வந்து கேட்ல அழுகுறாருடி" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டதாம். அவர் கை அப்போது மருந்துக்குள் இருந்தது. முதலில் பாலகுருதான் நினைவுக்கு வந்தானாம். விருதுநகரில் ஐடிஐ போகிறான், பைக்கில் போகிறான். கை எழும்பப் பார்த்தது. "எந்திரிக்காதன்னு கையப் பாத்துச் சொன்னேன். அது எங் கை இல்ல, வேற யாரோ ஒருத்தி கை மாதிரி இருந்துச்சு" என்றார். எதிரே இருந்த மூன்று பெண்களும் மூச்சுவிடாமல் அந்தக் கையையே பார்த்தார்களாம். கையில் இருந்த மருந்தை மெதுவாகத் திரும்பத் தட்டில் விட்டு, துணியில் துடைத்து, முழங்காலை ஊன்றி எழுந்தார்.

கேட்டிலிருந்து பார்த்த எனக்கு வெறும் வாசல்தான் தெரிந்தது. பிறகு அதில் ஒரு உருவம். வெறுங்காலோடு, நடந்து, எங்களை நோக்கி வந்தது. அருகில் வந்தபோது முகம், கழுத்து, கை எல்லாம் மருந்துப் பொடி படிந்து சாம்பல் நிறமாக இருந்தது. சுவரில் இருந்ததே எழுந்து வருவது போல இருந்ததால் மாமா ஓரடி பின்னால் போனார்.

"பாலகுருக்கு என்ன?" என்றார் அக்கா.

மாமா அவரை உச்சி முதல் கால் வரை பார்த்தார்.

"என்னான்னு கேக்கேன்ல. எம் புள்ளைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லடி. ஒன்னயப் பாக்க வந்தேன்."

"என்னயவா?"

"இருக்கியான்னு."

நான்தான் போஸ்டரைப் பற்றிச் சொன்னேன். அக்கா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த பாண்டிமுருகன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குப் போதும்மா. முகத்தக் கழுவிட்டு வீட்டுக்குப் போங்க. நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். போஸ்டர் செய்தி தெரிந்ததும் அக்காவின் அறைப் பெண்களும் அவரை வீட்டுக்கு அனுப்பத்தான் சொன்னார்களாம். சாவுச் சுவரில் முகம் வந்தவளுக்குப் பக்கத்தில் உட்கார அவர்களுக்குப் பயம். அக்கா அதற்காகக் கோபப்படவில்லை. "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். வீடியோவைப் பற்றி நான் பிறகு கல்லூரிக்கு ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த அறிக்கையில், விளம்பரம் மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற பகுதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். இதில் எதையும் அந்தப் பக்கத்தில் என்னால் எழுத முடியவில்லை.

திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் விக்னேஷ்குமார் வாளியோடு நின்றான். ஆனால் போஸ்டரை எடுக்காமல் நின்றான். பூக்கார வேலுத்தாய், அக்காவின் சொந்த ஊர்க்காரி, போஸ்டரின் மேல் ஒரு முழம் கனகாம்பரத்தைத் தொங்கவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளியே நின்றார்.

"வேலுத்தாயக்கா. பதறாம கேளுங்க. நாந்தேன்."

வேலுத்தாய் திரும்பினார். சுவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தொடக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"மொதல்ல பேசு. நெறையப் பேசு."

"என்னத்தப் பேச? அந்தப் பூவ எடுங்க."

"போட்டத எடுக்கலாமாடி? எடுத்தா ஆகுமா?"

"எடுக்காட்டி மட்டும் ஆகுமா?"

யாருக்கும் தெரியவில்லை. செத்தவருக்குப் போட்ட பூவுக்கு வழக்கம் இருக்கிறது. உயிரோடு இருப்பவருக்குத் தவறிப் போட்ட பூவுக்கு எந்த வழக்கமும் இல்லை. கிழிக்கலாம் என்றால் முகத்தின் குறுக்கே கை வைக்க மாமா விடவில்லை. மேலே வேறு போஸ்டரை ஒட்டி மூடலாம் என்று நான் சொன்னேன். "மூடுறதா?" என்றார் மாமா.

"எடுத்து எரிச்சுருவோமாக்கா" என்றான் விக்னேஷ்குமார். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "ஏலே, நீ வாயத் தொறக்காத" என்றார் வேலுத்தாய்.

கடைசியில் அக்காவே பூவை எடுத்தார். அதை வேலுத்தாயின் கூடையில் போடாமல், கீழேயும் போடாமல், சுவர் இடுக்கில் செருகினார். வாளித் தண்ணீரை அள்ளிப் போஸ்டர் மேல் ஊற்றி, அடியிலிருந்து நகத்தால் கிளப்பி, கழுத்து, வாய், கண் என்று மேலே உரித்துக்கொண்டு போனார். முழுசாகக் கையில் வந்தது. மற்றவற்றையும் அதே மாதிரி எடுக்கச் சொல்லி விக்னேஷ்குமாரை அனுப்பினார்.

டவுன் பஸ் வந்தது. ஈரத் தாளைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் மாமா. பின் இருக்கையில் நான், என் சீட்டை ஏறியதுமே வாங்கியிருந்தேன். தண்ணீர் சொட்டியதைப் பார்த்த கண்டக்டர், "என்னக்கா அது?" என்றார். அக்கா தாளை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டார். மாமா ரூபாயை நீட்டினார்.

"ரெண்டு குடு."

"அக்காவுக்குக் காசு கெடையாதுண்ணே. பொம்பளையாளுக்கு ஃப்ரீ. ஒங்களுக்கு மட்டும் குடுங்க."

"அவளுக்கும் சீட்டு வேணும்."

"காசு வேணாங்கறேன். ஃப்ரீ சீட்டு தருவேன்ல."

"கையில குடு. இவ ஏறியிருக்கான்னு கணக்குல வரணும்."

கண்டக்டர் இரண்டு சீட்டுகளையும் கிழித்துக் கொடுத்தார். மாமா அக்காவின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் சீட்டோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்து, விஸ்வநத்தம் வரும்வரை அதன் மேல் இருந்து கையை எடுக்கவில்லை.