எருமை தின்ற மூலை

புது வருடம் பிறந்ததும் மகள் என் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிக்கொடுத்தாள். தினமும் செய்ய நினைப்பதை அதில் சொல்லி வைத்துவிட்டால் சாயங்காலம் மணியடித்துக் கேட்குமாம். நடந்தாயா, தண்ணீர் குடித்தாயா, தைத்தாயா என்று கேட்கிறது. முதல் இரண்டுக்கும் கூசாமல் பொய் சொல்லிவிடுகிறேன். தையலுக்கு மட்டும் பொய் வரமாட்டேன் என்கிறது.

தையல் என்றால் ஜாக்கெட், பாவாடை இல்லை. வெட்டுத்துணிகளை ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சு பரப்பி, மேலே ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்குவது. கோவில்பட்டி வெயிலில் உட்கார்ந்து போர்வை தைக்கிறவளுக்குக் கொஞ்சம் கிறுக்கு இருக்கும் என்று நீங்கள் நினைத்தால், தப்பில்லை. எடுத்த போர்வையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடவேண்டும் என்பது என் இலட்சியம். பழக்கமோ நேர் எதிர். பீரோவைத் திறந்தால் முக்கால் போர்வை, அரைப் போர்வை, வெறும் ஓரம் மட்டும் தைத்த போர்வை எல்லாம் மடியில் வந்து விழும். "எல்லாத்தையும் சேத்துத் தச்சாலே ஒரு முழுப் போர்வ ஆயிருமே" என்பார் என் வீட்டுக்காரர்.

வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்ததும் புதுத்துணியின் கஞ்சி வாசனை வரும். அது என்னை நேராகத் தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த தையற்கடைக்குக் கூட்டிப்போய்விடும். இடைசெவலிலிருந்து காலை பஸ்ஸில் கோவில்பட்டி வந்து இறங்குவேன். எனக்குக் காஜா எடுக்கும் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி கட்டுகிறவள் ராசாத்தி. உள்ளூர்க்காரி, என் வயசு, வாய் மட்டும் என்னைவிட மூத்தது. கடைக்கார அண்ணாச்சி வெட்டுத்துணியைக் குப்பையில் போட எடுத்தால் நான் ஓடிப்போய் வாங்கிக்கொள்வேன். "அள்ளிட்டுப் போ தாயீ. எனக்குக் கூட்டுற வேல மிச்சம்" என்பார்.

ராசாத்தி நாக்பூரில் மில் வேலை பார்க்கிற ஒருத்தருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து ஆண்பிள்ளை பெற்றாள். பார்க்கப் போனேன்.

"அங்கன மார்கழி நம்மூரு மாதிரி இல்லட்டி, பல்லு கிட்டிக்கிடும். புள்ளைக்கு ஒரு போர்வ தச்சிக் குடேன்" என்றாள். அதோடு விட்டாளா? "நீ முடிக்கதுக்குள்ள அவனுக்கு மீச மொளச்சிரும்" என்று அதையும் சேர்த்துக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஐந்தாம் மாதம் அவளைக் கூட்டிப்போக வந்துவிடுவார்கள். அதற்குள் இந்த ஒன்றையாவது முடித்து அவள் வாயை அடைக்கவேண்டும் என்று சங்கரங்கோயில் திசை பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

கொட்டை நீக்கிய பஞ்சு கடையிலேயே கிடைக்கும். ஆனால் பிள்ளைக்கு எங்கள் கரிசல் பிஞ்சையில் வெடித்த பருத்திதான் போகவேண்டும் என்று எனக்கு வீம்பு. தினமும் வேலை விட்டு வந்து கையாலேயே கொட்டை பிடுங்கினேன். விரல் நுனியெல்லாம் எரிந்தது. போர்வை மூலைக்கு மூலை நிறைந்துவந்தது. கடைசி மூலைக்கு வந்தபோது என் பழக்கம் எட்டிப்பார்த்துவிட்டது. கொஞ்சம் கொட்டையோடு இருந்தால்தான் என்ன, கனமாக இருக்கும், குளிருக்கு நல்லது என்று எனக்கு நானே நியாயம் சொல்லி, அப்படியே திணித்துத் தைத்துவிட்டேன்.

அவள் ஊருக்குப் புறப்படுகிற அன்று காலை போர்வையோடு போய் நின்றேன். ராசாத்தி அதை வாங்கி மோந்துபார்த்து, கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, வெயில் படட்டும் என்று முற்றத்துக் கொடியில் போட்டாள். உள்ளே போய் ஒரு வாய் காபி குடித்திருப்போம்.

"ஏட்டி! எரும போர்வையத் திங்குது!" என்று அவள் அம்மா கத்தினார்.

அவர் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்து வளர்த்த எருமை அது. முழுப் போர்வையில் சரியாக அந்த மூலையை மட்டும் கண்டுபிடித்துக் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். மூலை அதற்கு, மிச்சம் எங்களுக்கு.

எனக்கு அழுகை முட்டியது. ராசாத்தி என்னையும் எருமையையும் மாறிமாறிப் பார்த்தாள். "கொட்ட எடுக்க மடிபட்டியாக்கும்?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்த பிள்ளை விழித்துக்கொண்டது.

"குடுட்டி, தச்சிருதேன். ரயிலுக்கு நேரம் கிடக்கு" என்றேன்.

"வேண்டாம். இப்பிடியே கொண்டுபோறேன். அடுத்த தடவ வாரப்ப தச்சிக் குடு. போர்வ தைக்கணும்னு அவியகிட்டச் சொல்லிட்டு ஓடியாந்திருவேன்லா?"

சொன்னபடி ஒவ்வொரு கோடைக்கும் வந்தாள். பெட்டியில் மேலாகப் போர்வை இருக்கும். அவள் அம்மா வீட்டில் துணிகளைப் பரப்பிக்கொண்டு உட்காருவோம். அந்த மூலைக்கு மஞ்சளா, ஊதாவா என்று சண்டை வரும். நடுவில் வறுத்த கடலை வரும், அவள் மாமியார் கதை வரும், மாமியார் கதை முடிவதற்குள் பொழுது போய்விடும். பையன் வளர்ந்து, போர்வை அவன் முழங்காலோடு நின்றுவிட்டது. அப்போதும் மூலை தைத்தபாடில்லை.

என் பழைய வியாதி என்றுதான் எல்லோரும் கேலி பேசினார்கள். வியாதியெல்லாம் இல்லை. ஒரு மதியம் குனிந்து உட்கார்ந்தால் முடிகிற வேலை அது. முடித்துவிட்டால் அடுத்த கோடைக்கு அவள் எதைச் சொல்லிக்கொண்டு வருவாள்?

பிறகு அவள் அம்மாவுக்குக் கண் மங்கியது. நாக்பூருக்கே கூட்டிப்போய்விட்டார்கள். வீட்டை விற்றாயிற்று. முற்றம் இருந்த இடத்தில் இப்போது ஷட்டர் போட்ட செல்போன் கடை. ஒருநாள் ராசாத்தியிடமிருந்து போன் வந்தது.

"மூலைய நானே தச்சிட்டேன்ட்டி. காலேஜ் ஆஸ்டலுக்கு அந்தப் போர்வதான் வேணும்னு நிக்கான். காலு வெளிய கெடந்தாலும் பரவால்லயாம்."

"நல்லா வந்திருக்கா?"

"ஒன்னவிட நல்லா."

இரண்டு பேரும் விழுந்துவிழுந்து சிரித்தோம். போனை வைத்த பிறகுதான் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அப்படி ஒரு கோபம். தொட்டதையெல்லாம் முடிக்கவேண்டும் என்று ஆயுசு முழுக்க ஆசைப்பட்டவள் நான். முடியாமலே கிடக்கட்டும் என்று ஆசைப்பட்டது அந்த ஒரு மூலைக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு ராசாத்தி கோவில்பட்டி வரவே இல்லை.