நலமாக மேலே ஏறி வந்தேன்

கிதர் முகம்மது தோல் பதனிடும் ஷாப்பில் கிளார்க்காகச் சேர்ந்தபோது மேசைமேல் சம்பள ஏடு ஒன்றுதான் கிடந்தது. தொண்ணூறுகளின் நடுவில் வேறெங்கோ ஒரு தோல் ஷாப்பில் கழிவுக் குழியில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கிச் செத்தார்கள். அவ்வளவுதான், சட்டம் காகிதமாக வந்து கொட்டியது. வாயுவை அளந்தாயா, முகமூடி கொடுத்தாயா, இறங்கியவன் ஏறினானா, எல்லாவற்றுக்கும் தினமும் கையெழுத்து. அளக்கிற கருவியும் முகமூடியும் என்னவோ முதலாளியின் பீரோவுக்குள்தான் பூட்டிக் கிடந்தன.

ஆட்கள் சுண்ணாம்பும் சேறும் படிந்த கையோடு கையெழுத்துப் போட்டதில் தாளெல்லாம் பாழ். அதற்குத் தொழிற்சாலை ஆய்வாளர் தையத்தக்கா என்று குதித்தார். பீரோவைத் திறந்து காட்டு என்று ஒருநாளும் கேட்காத புண்ணியவான்! கிதர் முகம்மது ஒரு வழி கண்டுபிடித்தார். மாதத்தின் முதல் ஞாயிறன்று எல்லாரும் குளித்துவிட்டு வந்து, அந்த மாதம் முழுக்கச் சேர்த்துப் போட்டுவிட வேண்டியது. ஆளுக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு வரி: 'முகமூடி அணிந்து இறங்கினேன். நலமாக மேலே ஏறி வந்தேன்.' பக்கத்திலேயே சாட்சியாக இவர் கையெழுத்து.

வீரனுக்கு அந்த ஞாயிறு என்றால் கொண்டாட்டம். அறிவொளி வகுப்பில் எழுதக் கற்றவன். நாக்கைக் கடித்துக்கொண்டு வரிக்கு வரி முழுப்பெயரையும் எழுதுவான்.

அந்த வீரன்தான் ஒரு செவ்வாய்க்கிழமை குழியில் சேறு அள்ள இறங்கியவன், திரும்ப ஏறவில்லை. கயிறு கட்டித்தான் தூக்கினார்கள். முதலாளி கையெழுத்து ஏட்டைப் புரட்டினார். "நல்லா ஏறி வந்திருக்கான்ல? வெளிய வந்து மாரடைப்புன்னு முடிச்சிருங்க பாய்."

பால் தெளித்த மறுநாள் வீரனின் மனைவி பெருமாயி, மகள் ஆனந்தியோடு வந்து நின்றாள்.

"குழிக்குள்ள கேஸ் அடிச்சுத்தான் செத்தாகன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க பாய். இல்லேன்னா நஷ்டஈடு கிடைக்காதுன்னு வக்கீல் சொல்றாரு."

கிதர் முகம்மது ஏட்டைப் பிரித்தார். வீரனின் பக்கத்தை எடுத்தார். எழுத எங்கே இடம்? செத்த நாளின் வரி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. ஆனந்தி எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனவள், நிறுத்தினாள்.

"அம்மா, அப்பா இன்னைக்கும் ஏறி வந்துட்டதா எழுதியிருக்கும்மா. நாளைக்கும்."

பெருமாயி கத்தவில்லை. "நாளைக்கும் நல்லாத்தான் ஏறி வாராகளா பாய்? அப்ப வீட்டுக்கு எந்நேரம் வருவாக? சோறாக்கி வைக்கணும்ல."

கிதர் முகம்மது வாசலை எட்டிப் பார்த்தார். முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். ஏட்டையே எடுத்து ஆனந்தியின் கையில் கொடுத்தார்.

"இத இன்னைக்கே வக்கீல்கிட்டக் குடு தாயி. செத்த பெறகும் அவன் போட்ட கையெழுத்து இருக்குல்ல. இம்புட்டும் பொய்யின்னு காட்ட அது போதும்."

"ஒங்களுக்கு ஒண்ணும் வந்துராதுல்ல பாய்?" என்றாள் பெருமாயி.

ஒவ்வொரு வரியிலும் வீரனின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய சாட்சிக் கையெழுத்துதான்.

"ஒண்ணும் வராதும்மா. மொதலாளி திரும்பி வர்றதுக்குள்ள கெளம்புங்க" என்றார் கிதர் முகம்மது.