நேற்றைய தாளில் ஓர் அம்பு

செவன் ஹில்ஸில் நான் வேலை செய்யும் பட்டறையில் ஒரு முடியளவு பிசகினாலும் இரும்புத் துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவோம். இருபது வருடத்துக்கு மேலாக அளந்து அளந்து கடைகிறவன் நான். அப்படிப்பட்டவன் இருபது மீற்றருக்கு அப்பால் நின்ற ஒரு பெரிய ஸ்பொஞ்ச் கட்டிக்கு ஆறு அம்பு விட்டு, ஆறும் ஆறு திசையில் போய்க் குத்தி நின்றபோது வந்த கோபம் இருக்கிறதே, சொல்லி மாளாது. ஏழாவது அம்பை முழங்காலில் வைத்து முறிக்கத்தான் நினைத்தேன். அது கார்பன் அம்பு, முறிந்தால் கையைக் கிழிக்கும் என்று பக்கத்தில் நின்றவன் தடுத்துவிட்டான்.

அவன்தான் என்னை அந்த வில் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன். பட்டறையில் என் பக்கத்து இயந்திரத்தில் நிற்கிற வெள்ளைக்காரன், ஏறத்தாழ என் வயது. சின்ன வயதிலிருந்தே வில்லோடு வேட்டைக்குப் போகிறவன். ஒரு நாள் அவன் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த காட்டாட்டு இறைச்சியைத் தின்றுவிட்டு, கடை ஆட்டைவிட இது திறம் என்று வாயை விட்டுவிட்டேன். அப்படியென்றால் நீயே வேட்டைக்கு வந்து ஒன்று எடு என்றான். அப்படித்தான் தொடங்கியது.

வில் வாங்கப் போன இடத்திலும் வீம்புதான். அறுபது இறாத்தல் இழுவை உள்ள வில் வேண்டும் என்றேன். கடையில் நின்ற பெண்பிள்ளை மறுபேச்சில்லாமல் எடுத்துத் தந்தாள். பாதி இழுத்தேன், அதற்கு மேல் நாண் அசையவில்லை, என் முகம்தான் சிவந்தது. அவள் சிரிக்காமல் திருகாணியைத் தளர்த்தி நாற்பதுக்குக் குறைத்துத் தந்தாள். முதல் கிழமையே நாண் அடித்து முன்னங்கை நீலமாகக் கன்றிப்போனது.

"ஆரோட அடிபட்டனீங்கள்?" என்று மனைவி கேட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் தாதி, கன்றிய இடத்தைப் பார்த்தால் அடிபட்டு எத்தனை நாள் என்று சொல்லிவிடுவாள். மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் ஆட்டிறைச்சி சாப்பிடுகிறவள்தானே, ஒன்றும் சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வேட்டை என்றதும் வெங்காயம் வெட்டிய கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தாள்.

"கொல்லுறதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்ல. கடையில வாங்கிறதும் ஆரோ வெட்டினதுதான். ஆனா காயப்பட்டு ஓடிப்போய்ப் பத்தைக்குள்ள கிடந்து சாகுமெண்டால், அந்த வில்லு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"அப்பிடி நடக்காது."

"நீங்கள் சொன்னாப் போதுமே? விடுற அம்பு எங்க போகுதெண்டு உங்களுக்கே தெரியாது."

யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அவள் வன்னியில் காயக்காரரைப் பராமரித்தவள். மருந்தில்லாமல் காத்துக் கிடந்தவர்களைப் பற்றி என்னிடம் சொன்னது மிகக் கொஞ்சம், நானும் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவள் சொன்னது உண்மையும்கூட. மைதானத்தில் பத்து அம்பு விட்டு உடம்பு சூடானபின் எல்லாம் ஒரு தேநீர்த் தட்டளவுக்குள் வந்துவிடும். ஆனால் அன்றன்றைய முதல் அம்பு எப்போதும் வெளியேதான். கை பழகினால் சரியாகிவிடும் என்று நான் என்னையே தேற்றிக்கொள்வேன். நீ சூடாகும்வரை ஆடு நின்று பார்த்துக்கொண்டிருக்குமா என்று பட்டறை நண்பன் கேட்டான்.

அதன்பின் ஒரு முடிவெடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரே ஓர் அம்பு. வேலைக்குப் போகமுன் மைதானத்துக்குப் போய், இருபது மீற்றரில் நின்று ஒன்றை விட்டுவிட்டு, பட்டதோ படவில்லையோ, வில்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நார்த்மீட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மைதானம் வேலைக்கு எதிர்த்திசையில் அரை மணித்தியாலம்.

"ஒரு அம்பு விட ஒரு மணித்தியாலம் கார் ஓடுறீங்கள். உங்களுக்கென்ன விசரே?" என்றாள் மனைவி.

விசர்தான். இலக்குக்கு எங்கள் குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரின் தாள், மளிகைக் கடையில் தந்த, தினம் ஒன்றாகக் கிழிக்கிற கலண்டர். ஆட்டின் நெஞ்சில் அம்பு போகவேண்டிய இடமும் கிட்டத்தட்ட அந்தத் தாளளவுதான். அதிலும் அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. நாள் முடியமுந்தித் தாளைக் கிழிக்கக்கூடாது, கிழித்தால் அந்த நாளை நாங்களே துரத்தியது போலாம். ஆகவே ஒவ்வொரு விடியலிலும் முந்தைய நாள் தாளைக் கிழித்து, நல்ல நேரம், இராகு காலம் எல்லாவற்றோடும் ஸ்பொஞ்ச் கட்டியில் குத்தி வைப்பேன். முதல் இரண்டு கிழமையில் மூன்று தரம்தான் பட்டது. பட்டது, படாதது இரண்டையும் ஒரு பழைய தகர பிஸ்கட் பேணியில் போட்டு வைத்தேன்.

பிழையைக் கண்டுபிடித்தது அவள்தான். ஒரு லீவு நாளில் கூடவே வந்து, பக்கத்தில் நின்று போனில் படம் பிடித்தாள். அன்றைக்கு மட்டும் அவளுக்காகப் பல அம்பு விட்டேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணியோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்கோ. இழுத்த கை ஒருக்காக் காதடியில நிக்குது, ஒருக்கா நாடியில நிக்குது. அதோட அம்பு போகமுந்தி உங்கட தலையெல்லோ எட்டிப் பார்க்கப் போகுது!"

நோயாளிகளைப் பார்த்துப் பழகிய கண் அது, தப்புமா? அதற்குப்பின் இழுத்த கையின் விரல் முட்டியைத் தாடை மூலையில் அழுத்தினேன், ஒவ்வொரு தரமும் அதே இடத்தில். நாண் மூக்கு நுனியைத் தொட வேண்டும். வில்லைப் பிடித்த கையை இறுக்காமல் விட்டேன். டொக் என்ற சத்தம் காதில் விழும்வரை தலையை அசைப்பதில்லை, வில்லை இறக்குவதில்லை. இவ்வளவுதான் விஷயம், ஆனால் என் போன்ற அவசரக்காரனுக்கு அது பழக ஐந்து மாதம் எடுத்தது. இழுவையையும் கொஞ்சம் கொஞ்சமாக ஐம்பதுக்குக் கூட்டினேன். குளிர்காலத்தில் ஒரு மாதம் முழுக்க ஒரு தாளும் தப்பவில்லை. நண்பன் தனக்குத் தெரிந்த பண்ணைக்காரரிடம் கேட்டு அனுமதி வாங்கினான். அவருடைய செம்மறிகளின் புல்லைக் காட்டாடுகள் தின்று தீர்க்கின்றனவாம்.

"சரி, போயிட்டு வாங்கோ," என்றாள் மனைவி. "ஆனா அங்கயும் விடிய முதல் அம்பு தாளுக்கு. பட்டால் போங்கோ. படாட்டி அண்டைக்கு ஆட்டைத் தொடக்கூடாது. சத்தியமோ?"

"சத்தியம்."

புறப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைய தாளை நாள் முடியமுந்திக் கிழிக்க விடமாட்டாள் என்பதால், பிஸ்கட் பேணியிலிருந்து ஓட்டை விழாத பழைய தாள்கள் இரண்டை எடுத்துக்கொண்டேன். வேலை முடிந்து நண்பனின் வண்டியில் மேற்கே பல மணித்தியாலம் ஓடினோம்.

சனிக்கிழமை விடிந்தது. புல்லெல்லாம் உறைபனி. கொண்டுபோன ஸ்பொஞ்ச் கட்டியில் தாளைக் குத்தினேன், இருபது மீற்றர் எட்டு வைத்து அளந்தேன், இழுத்தேன், விட்டேன். டொக். தாளுக்கு வலப்பக்கம் இரண்டு விரல் வெளியே. தாளின் அடியில் என் ராசிக்கு 'வெற்றி' என்று அச்சடித்திருந்தது. நாசமாய்ப் போக!

இன்னொன்று விடு என்றான் நண்பன். விட்டேன், நட்டநடு. மூன்றாவது அதை உரசிக்கொண்டு நின்றது. அதற்கு முன்பே தாளைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன், அவை வெறும் ஸ்பொஞ்சில் பட்டவை. வில்லில் பிழையில்லை, குளிரில் கை விறைத்திருக்கிறது, வா போகலாம் என்றான். பொய் சொல்ல மாட்டேன், போகத்தான் வெளிக்கிட்டேன். வில்லோடு வேலிவரை நடந்தேன். அங்கே போனுக்குச் சிக்னலும் இல்லை. அவளுக்கு எப்படித் தெரியப் போகிறது? வேலிப் படலையில் கை வைத்தபோது, அவள் கத்தியைக் கீழே வைத்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் வில்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். நண்பன் தலையில் அடித்துக்கொண்டு தனியே ஒரு பக்கம் போனான். நான் தொலைநோக்கியோடு குளத்தடியில் ஒரு பாறைக்குப் பின்னால் இருந்தேன்.

அரை மணித்தியாலம் ஆகவில்லை, காட்டாடுகள் வந்தன. முன்னால் வந்தது ஒரு கறுத்தக் கிடாய். பதினைந்து மீற்றர் இருக்கும். நெஞ்சை எனக்குப் பக்கவாட்டாகக் காட்டிக்கொண்டு, ஆறுதலாகத் தண்ணீர் குடித்தது. என் கை தானாகவே தாடை மூலைக்குப் போனது. அந்த நேரம் எனக்கு வாயில் வந்த தூஷணத்தை இங்கே எழுத முடியாது.

ஞாயிறு விடிய முதல் அம்பு தாளின் நடுவில் பட்டது. மத்தியானம்வரை காத்திருந்தோம். ஒரு ஆட்டின் வாலைக்கூடக் காணவில்லை. நண்பனுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் வீட்டுப் படியேறும்போதே வறுத்த கறிச்சரக்கு வாசம் அடித்தது. பெரிய சட்டியும் வெளியே வந்திருந்தது. இறைச்சிக்கென்று கொண்டுபோய் வெறுமையாகத் திரும்பிய ஐஸ் பெட்டியை என் கையில் பார்த்தாள்.

"அம்பை விட்டனீங்களோ, ஆட்டை விட்டனீங்களோ?"

"ஆட்டைத்தான்."

இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தேன். ஓட்டையில்லாத தாளை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள், திருப்பியும் பார்த்தாள்.

"இது சனிக்கிழமையோ?"

"ஓம்."

"ஆடு வந்ததோ?"

"வந்தது. பதினைஞ்சு மீற்றரில நிண்டு தண்ணி குடிச்சிட்டுப் போச்சு."

"உங்கட சிநேகிதர் பக்கத்தில நிண்டவரோ?"

"இல்லை. நான் தனிய."

அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது, புறங்கையால் துடைத்தாள். குளிர்பெட்டியைத் திறந்து கோழியை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். பிறகு சுவருக்குப் போய், கலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, நாளைக்கு மைதானத்துக்கும் வேலைக்கும் நான் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பையில் வைத்தாள்.

"இஞ்சேர், நாள் இன்னும் முடியேல்லையே," என்றேன்.

"முடிஞ்சுது," என்றாள்.