கயிற்றைப் பிடித்த கை

நேற்று ஹாஸ்டல் மைதானத்தில் குஸ்தி. ஒரு தடியன் என்னைக் குப்புறத் தள்ளி, கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி முறுக்கினான். தோள் கழன்றுவிடும் போல வலி. யோசிப்பதற்குள் முறுக்குப்பட்ட அந்தக் கையே என் இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றைப் பற்றிக்கொண்டது. அவ்வளவுதான், அதற்குமேல் முறுக்க அவன் பருப்பு வேகவில்லை.

“இன்னாடா, காலேஜ் வந்தும் கயிறு கட்டிக்கினு கீற?” என்று சிரித்தான்.

அது என் அண்ணன் குமாரின் பிடி. சின்ன வயதில் வேகவதி ஆற்று மணலில் தினமும் அவன் கையை முறுக்குவேன். வீட்டுத் தறியில் மிஞ்சிய சிவப்புப் பட்டு நூலில் அம்மா திரித்துக் கட்டிய தன் அரைஞாண் கயிற்றை அவன் பிடித்துக்கொள்வான். “இழுடா, சோறு துன்னல?” என்பான். ஒருமுறைகூட நான் ஜெயித்ததில்லை.

எனக்கு எட்டு வயதானபோது மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டான். குளிப்பாட்டியதும், செத்தவர் உடம்பில் கயிறு இருக்கக் கூடாது என்று பெரியப்பா அதை அறுக்க வந்தார். நான் அவர் கையில் தொங்கினேன்.

“அறுக்காத பெரிப்பா! அங்க எவனாச்சும் கைய முறுக்குனா அண்ணன் எத்தப் புடிச்சிக்கும்?”

பெரியப்பா கத்தியைப் போட்டுவிட்டு அழுதார். பிறகு அறுக்கத்தான் செய்தார்.

நேற்று அந்தத் தடியன் என் கையை விட்டுவிட்டான். நான்தான் கயிற்றை விடவில்லை.