அம்மம்மாவின் மிச்ச நேர்த்தி

எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாலு பேர் முன்னால் நின்று நன்றி சொல்லவும் வாய் வராது. அம்மம்மாவைப் பற்றி எழுத எங்கள் வீட்டிலேயே படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை முந்திக்கொண்டதற்கு மன்னிக்க வேண்டும். நயினாதீவுத் தேர்த் திருவிழாவன்று அவர் பக்கத்தில் நின்றவள் என்பதால் மட்டும் எழுதுகிறேன்.

அம்மம்மா நாரந்தனையில் பிறந்து நாரந்தனையிலேயே கலியாணம் முடித்தவர். அம்மப்பாவுக்குத் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் வீடு வருவார். வயலும் பிள்ளைகளும் அம்மம்மாவின் பொறுப்பு. விடிய எழும்பித் திருநீறு பூசி, சாமி அறையில் விளக்கு வைத்த பிறகுதான் அடுப்பு மூட்டக் குசினிக்குள் போவார். விளக்கின் முன் நின்று பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் எல்லாரையும் பெயர் பெயராகச் சொல்லிக் கும்பிடுவார். குடும்பம் பெருகப் பெருக அந்தக் கும்பிடும் நீண்டுகொண்டே போனது. இன்னும் இரண்டு கலியாணம் நடந்தால் எங்களுக்கு மத்தியானம்தான் தேத்தண்ணி என்று அம்மா பகிடி பண்ணுவார்.

அம்மம்மாவின் ஒரே மகன், என் மாமா, கனடாவில் இருக்கிறார். அவருக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை என்று தெரிந்ததும் அம்மம்மா ஒருவரையும் கேட்காமல் நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். மகன் எழும்பி நடந்தால் தேரன்று அடியழிப்பேன் என்று. தேருக்குப் பின்னால் ஆண்கள் உருண்டு வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் சில அடி வைத்து, மண்ணில் விழுந்து கும்பிட்டு, எழும்பி, மறுபடி நடந்து விழுந்து கும்பிட்டபடி வீதி முழுக்கச் சுற்றி வருவார்கள். அதுதான் அடியழிப்பது. இளம் பெண்களுக்கே மூச்சு வாங்கும். மாமா எழும்பி நடந்தார். அம்மம்மாவுக்கோ எண்பது கடந்துவிட்டது, பிறஷர் வேறு.

தேர்த் திருவிழா கிட்ட வர வீட்டில் இதே கதைதான். டொக்டர் வேண்டாம் என்றார். மாமா ஃபோனில் அழுதார். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். வீதி முழுக்க என்று வாய்விட்டுச் சொல்லவில்லைத்தானே, வாசலில் மூன்று தரம் விழுந்து கும்பிட்டால் போதாதா என்று கேட்டார்.

"உன்ர அப்பர் தன்ர கடையில பேரம் பேசினமாதிரி அம்மாளாச்சியோடயும் பேசச் சொல்லுறியோ? இந்த நேர்த்தியை வைச்சுக்கொண்டு என்னால கண் மூட ஏலாது" என்றார் அம்மம்மா.

தேரன்று வெள்ளனக் குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்கு லோஞ்சு ஏறினோம். தேர் இழுபட்டதும் அம்மம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்களோடு இறங்கிவிட்டார். நானும் அம்மாவும் இரண்டு பக்கமும் நடந்தோம். முதலில் நன்றாகத்தான் செய்தார். தெற்கு வீதிக்குத் திரும்பும் இடத்தில் விழுந்து கும்பிட்டவர் எழும்பவில்லை. தூக்கி இருத்தித் தண்ணீர் கொடுத்தோம். மூச்சு மெல்ல மெல்லச் சீராகியது. ஆனால் மறுபடியும் கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். அம்மா அழத் தொடங்கினார்.

எங்களுக்குப் பின்னால் அடியழித்து வந்த, முன்பின் தெரியாத ஒரு மனுசி நின்று பார்த்தார். நெற்றியெல்லாம் மண்.

"ஆச்சி, மிச்சத்தைப் பேத்தியிட்டக் குடுங்கோ. உங்கட ரத்தம்தானே. அம்மாளாச்சி என்ன, ஆள் மாறினதெண்டு திருப்பி அனுப்பிப் போடுவாவே?"

அம்மம்மா கொஞ்ச நேரம் தேரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சனத்துக்குள்ள உனக்கு வெக்கமெல்லே, பிள்ளை."

"வெக்கம்தான் அம்மம்மா. செய்யிறன்."

அவர் தன் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணை வழித்து என் நெற்றியில் பூசினார். நான் விழுந்து கும்பிட்டேன். அவ்வளவு சனத்துக்குள் கூசிப்போவேன் என்று நினைத்திருந்தேன். முகம் மண்ணில் கிடக்கும்போது ஆரும் ஆரையும் பார்ப்பதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மம்மா அம்மாவின் கையைப் பிடித்தபடி பின்னால் மெல்ல நடந்து வந்தார். சும்மா வரவில்லை. நெற்றி மண்ணில் முட்டவில்லை, திருப்பிச் செய் என்று இரண்டு தரம் செய்வித்தார். ஆள் தேறிவிட்டார் என்று அதிலேயே தெரிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, மூச்சும் வாங்கியது.

தேர் வீதி சுற்றி முடித்து இருப்புக்கு வந்ததும் அம்மம்மா கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்தார். "முடிஞ்சுது, அம்மாளாச்சி" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது லோஞ்சில் அம்மாவின் தோளில் சாய்ந்து நன்றாக நித்திரை கொண்டார். அதன்பிறகும் சில வருடம் இருந்தார். நேர்த்தி என்ற கதையை ஒருநாளும் எடுக்கவில்லை. கடைசியில் நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஒரு மனக்குறையும் இருக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியும்.

தேருக்கு அடுத்த நாள் எனக்கு முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. வேலைக்கு லீவு சொன்னேன். அம்மம்மாவோ விடிய எழும்பி, கிணற்றடியில் தலைக்குத் தோய்ந்துவிட்டு வந்து புட்டுக்கு மா குழைத்தார்.